கலுங்கை அடைத்த ஐப்பசி

நான் வாழ்க்கைப்பட்ட ஊரின் கண்மாய் மேலே, பிறந்த ஊரின் கண்மாய் கீழே. நடுவில் ஒன்றரை மைல் ஓடை. விருதுநகருக்குத் தெற்கே அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கண்மாய்கள் இப்படித்தான் கோத்துக் கிடந்தன. எங்கள் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கின் கல் மேடை மீது வழிந்து, ஓடை வழியாக ஐயாவின் ஊருக்குப் போகும். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். மார்கழி பிறந்து மழை ஓய்ந்த பிறகு அந்தக் கற்களுக்கு நடுவே புல் பத்தையும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். நெல்லுக்குக் கடைசி நனைப்புக்கு அது போதும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அதில் கை வைக்கக் கூடாது. மண் கரை தாங்குகிற மட்டும்தான் தாங்கும். மிச்சத்தைப் போகவிட வேண்டும். இது ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, ஓடுகிற தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. மூன்று வருஷம் வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்த சனங்கள் நாங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கண்மாய் நிறைந்து நாலு நாளாகக் கலுங்கு போய்க்கொண்டிருந்தது. அடைத்துவிடலாம் என்று ஊரே துடித்தது. தண்ணீர் விஷயத்தில் என் வீட்டுக்காரர் சொல்தான் கடைசிச் சொல். அவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. கீழே மாமனார் ஊர் இருக்கிறதே என்று எனக்காகத்தான் தயங்குகிறார் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

கிணற்றடியில் என் நாத்தனார் எல்லாப் பெண்களும் கேட்கும்படியாகச் சொன்னாள்: “பாத்தீகளா மதினி, ஒங்க ஐயா வீட்டுக்குச் சீரு போகுது! பொண்ணையும் எடுத்து, தண்ணியும் நாங்களே குடுத்து அனுப்பணுமாக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கேலிதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அப்போது ரோஷம் மூக்கு நுனியில் இருக்கும். மத்தியானம் அவருக்குச் சோறு போட்டபோது நானே ஆரம்பித்தேன்.

“எல்லாரும் சொல்றாகள்ல, கலுங்க அடைக்கிறதுக்கு என்ன?”

“ஒங்க ஐயா ஊருக்கு வேண்டாமா?”

“எங்க ஐயா ஊர எங்க ஐயா பாத்துக்கிடுவாரு. நான் இந்த வீட்டுச் சோத்தத்தான் திங்கேன்.”

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். கண்மாயைக் காவல் பார்க்கிற நீர்பாய்ச்சி, “மழ இன்னும் பாக்கி இருக்குங்கய்யா, வேண்டாம்” என்று சொல்லிப் பார்த்தாராம். பொழுது சாய்வதற்குள் அடைத்துவிட்டார்கள். மறுநாள் கிணற்றடியில் எனக்கு ஏக மரியாதை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் மேற்கே பிடித்த மழை விடவே இல்லை. அடைத்ததைப் பிடுங்க ஆட்கள் ஓடினார்கள். அதற்குள் கலுங்குக்குப் போகிற வழி இடுப்பளவு வெள்ளம். நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கரை நடுவில் பிய்த்துக்கொண்டது. அத்தனை தண்ணீரும் கீழே, ஐயாவின் ஊருக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் முழங்கால் வரை சேறோடு ஐயா வந்தார், நான் பிழைத்திருக்கிறேனா என்று பார்க்க. அவர்கள் கரையும் உடைந்து, வீட்டின் பின்சுவர் விழுந்து, இரண்டரை ஏக்கர் நஞ்சையும் மணலுக்கு அடியில் கிடந்தது. அதைச் சொல்லிவிட்டு, “ஒங்க கரையும் போச்சே தாயி, இனி வெள்ளாமைக்கு என்ன செய்வீக?” என்று கேட்டார். நான் அவர் கால் சேற்றைக் கழுவத் தண்ணீர் மொண்டு வந்தேன். பிறகு சர்க்கார் ஓவர்சியர் வந்து விசாரித்தபோது ஊரே வானத்தைக் கைகாட்டியது. நானும்தான்.

அந்த மணலை அள்ளி மாளாது. ஐயா மாடுகளை விற்றுவிட்டு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வெடிகளை வெயிலில் காயப்போட்டு அள்ளுகிற வேலை. வானம் கறுத்தால் சந்தோஷப்பட்ட வெள்ளாமைச் சம்சாரி, வானம் கறுத்தால் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பத்து வருஷம் இதை மனசில் வைத்துப் புழுங்கினேன். அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐயா குடியிருந்த வாடகை அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். திட்டுவார், அதோடு பாரம் இறங்கிவிடும் என்று எண்ணியிருந்தேன். அவர் திட்டவில்லை. விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மருந்துப் பொடியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“மேல அடச்சுட்டாகன்னு தெரிஞ்சதும் இனி நமக்குத் தண்ணி வராது, இருக்கதயாச்சும் நிறுத்துவோம்னு எங்க கலுங்கயும் அடச்சோம் தாயி. நாந்தான் சொன்னேன். எல்லாரும் வேண்டாம்னாக.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து வருஷமும் அந்தப் பாவம் என் ஒருத்தி தலையில் என்றல்லவா சுமந்தேன். “ஏன்யா சொல்லல?” என்று கத்தினேன்.

“எங்க கரை ஒடஞ்சு தண்ணி போன கீழூர்ல ஒரு பொம்பளயும் கைப்பிள்ளையும் போயிட்டாக. அந்தப் பிள்ளையோட அப்பன் எங்கூடத்தான் இங்கன வேல பாக்காரு. இந்தா, அடுத்த ரூம்புதான். அவருகிட்டயே சொல்ல முடியல, ஒங்கிட்ட எங்கன சொல்ல?”

என் சத்தம் கேட்டோ என்னவோ, அந்த அடுத்த அறைக்காரர் வாசலில் வந்து நின்றார். நரைத்த முடி, மெலிந்த உடம்பு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அண்ணாச்சி மகளா? வாங்க தாயி. சாப்பிட்டீகளா?”

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“சாப்பிட்டேன்” என்றேன்.