வையம்பட்டி வெளிச்சமும் மாமாவின் வெள்ளைச் சட்டையும்

போன மாதம் வரை எங்கள் பழைய கார் டிக்கியில் ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டை கிடந்தது. கண்ணாடி துடைக்கப் பழந்துணியாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி. தண்ணீரை உடனே இழுத்துக்கொள்ளும். காலர் கிழியவில்லை, பொத்தான்கூட ஒன்றும் போகவில்லை. நெஞ்சுப் பையில் மட்டும் என் கட்டைவிரல் தாராளமாக நுழையும் ஓர் ஓட்டை. ஆணியில் மாட்டிக் கிழிந்த ஓட்டை அப்படி இருக்காது. விளிம்பெல்லாம் பழுப்பேறி, எதுவோ அரித்தெடுத்தது போல இருக்கும். எத்தனையோ முறை அதைக் கையில் எடுத்திருக்கிறேன். ஒருநாளாவது இது எப்படி வந்தது என்று யோசித்தேனா? இல்லை.

சட்டை என் தாய்மாமனுடையது. ரயில்வேயில் வேலை பார்த்தவர். பெட்டிகளுக்கு அடியில் பெரிய பெரிய பேட்டரிகள் தொங்கும் அல்லவா, விளக்கும் விசிறியும் ஓட, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடமாட்டார். பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும். விருந்துக்குக் கூப்பிட்டால் இலையில் உட்காருவதற்கு முன் அந்த வீட்டு விசிறியை அண்ணாந்து பார்ப்பார். "ஆடுது பாருங்க, ஒரு ஸ்டூல் கொடுங்க" என்பார். சாம்பார் ஆறினாலும் கவலையில்லை. "நான் முடுக்கின நட்டு இதுவரைக்கும் லூசானதில்ல" என்பது அவர் வாயில் தினமும் வரும் பேச்சு. எங்களுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் அவர் முடுக்கியது எதுவும் லூசானதில்லைதான்.

எனக்கு வரன் பார்த்த சமயம். இரண்டு இடம் தட்டிப்போய், வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் கட்டம். அப்போதுதான் வையம்பட்டிப் பக்கத்து இடம் வந்தது. விவசாயக் குடும்பம், பையனுக்குத் திருச்சியில் வேலை. முதல் தடவை போனில் பேசியபோது அவர், "நீங்க நிறைய பேசுவீங்களா?" என்று கேட்டார். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். "அப்பாடா, எங்க வீட்ல யாருமே பேசமாட்டாங்க" என்றார். அந்த அப்பாடாவில் நான் விழுந்துவிட்டேன். இன்னொரு வரன் என்று யாராவது பேச்செடுத்தால் அடித்திருப்பேன்.

தாம்பூலம் மாற்றிக்கொள்ள அவர்கள் தங்கள் காரிலேயே ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் தெருவில் வண்டியை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. மாமாதான் தெருவில் நின்று, "ரிவர்ஸ், இன்னும் ரிவர்ஸ், போதும் போதும்" என்று கையாட்டி நிறுத்திக் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை போன் வந்தது. மணப்பாறை தாண்டி, பெரிய ரோட்டை விட்டு அவர்கள் ஊருக்குத் திரும்பும் சின்ன ரோட்டில், வயலுக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் வந்ததாம். வண்டி அப்படியே அணைந்துவிட்டதாம். எவ்வளவு முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. டிராக்டர் வரவழைத்துக் கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள்.

அந்த வெளிச்சத்தின் கதை எங்களுக்கும் முன்பே வந்திருந்தது. வாட்ஸப்பில் யாரோ ஒருவர் மூச்சு வாங்கப் பேசிய குரல், ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நீலமும் வெள்ளையுமாக ஆள் உயரத்தில் மிதந்து போகுமாம், பார்த்த கார் செத்துவிடுமாம். கேட்டுவிட்டுச் சிரித்த எங்களுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லிவிட்டார்: "பொண்ணு வீட்ல தட்டு மாத்திட்டு வர்ற வழியில காத்து கருப்பு மறிச்சிருக்கு. இது வேணாம்." மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் பெரியப்பா சொல்வதுதான் கடைசி. அடுத்த முகூர்த்தத்துக்குள் வேறு இடம் பார்க்கப்போவதாகத் தரகர் காதுக்கும் செய்தி வந்துவிட்டது.

அம்மா பூஜை அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தென்னூர் ஜோசியரைப் பார்க்கச் செருப்பை மாட்டினார். மாமா மட்டும் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாப்பா, உனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். நான் அழுதேன். "அழுவாத. வண்டி சும்மா நிக்காது. ஏதாச்சும் காரணம் இருக்கும். நான் போய்ப் பார்க்கறேன்" என்றார்.

லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். மணப்பாறையில் மெக்கானிக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யார் யார் வண்டி நின்றது என்று கேட்டார். இரவு அந்த ரோட்டுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தார். வெளிச்சம் வந்தது. நீலமும் வெள்ளையுமாக, வயலுக்கு நடுவே, மிதந்துகொண்டு. மாமா ஸ்கூட்டரை உதைத்துப் பார்த்தார், ஸ்டார்ட் ஆனது. அணைத்துவிட்டு, வரப்பில் இறங்கி வெளிச்சத்தை நோக்கி நடந்தார்.

"ஐயோ!" என்று ஓர் அலறல். அலறியது மாமா இல்லை, வெளிச்சம். ஒரு விவசாயி. மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு அவர்கள் பக்கம் ராத்திரியில்தான் வரும். இருட்டில் தண்ணீர் மாற்றிவிட இரண்டு கையும் வேண்டுமே என்று, நெற்றியில் கட்டிக்கொள்ளும் எல்.இ.டி. லைட் ஒன்றை அந்த வருஷம்தான் அவர் வாங்கியிருந்தார். வெள்ளையாய் ஓர் உருவம் வரப்பில் வருவதைப் பார்த்து மண்வெட்டியைப் போட்டுவிட்டார். "அண்ணே, நான் மனுசன்தாங்க" என்று மாமா சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மூச்சு திரும்பியதும் அந்த மனிதர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் தனியா வராதீங்க. என்னமோ ஒரு வெளிச்சம் சுத்துதாம்" என்றாராம். நெற்றியில் அது எரிந்துகொண்டிருக்கிறது! இதை மாமா சொல்லிக் காட்டும்போது, கல்யாணம் நிற்கப்போகிற வீடு என்பதையும் மறந்து எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் மாமா சிரிக்கவில்லை. "வெளிச்சம் எதுன்னு தெரிஞ்சிருச்சு. அதைப் பார்த்து பயந்து பிரேக்கை மிதிச்சா வண்டி அணையும். சரி. திரும்ப ஸ்டார்ட் ஆகணுமே, ஏன் ஆகல? பஸ்ஸு நிக்கல, லாரி நிக்கல, காருங்க மட்டும் நிக்குது" என்றார். காரைப் பார்க்காமல் தீராது என்று, அப்பாவையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கே போனார்.

அங்கே நடந்ததை அப்பா வந்து சொன்னார். பெரியப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா கெஞ்சாத குறையாகக் கேட்டுக் காரின் முன்பக்கத்தைத் திறந்திருக்கிறார். திறந்தவர், "எல்லாரும் தள்ளி நில்லுங்க, ஆசிட் தெறிக்கும்" என்று மறைத்துக்கொண்டு குனிந்தே நின்றாராம். பிறகு வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றினார், துடைத்தார், எதையோ முடுக்கினார். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. அப்புறம் நிமிர்ந்து, பெரியப்பாவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கங்க. தப்பு என்னோடது. அன்னிக்கு எங்க தெருவுல நிறுத்தியிருந்தப்போ, சும்மா இருக்காம பேட்டரியில கையை வெச்சேன். நட்டைச் சரியா முடுக்காம விட்டுட்டேன்."

மாப்பிள்ளை முதலில் சிரித்தாராம். பெரியப்பாவுக்குக் கோபம் வந்து, "ஏங்க, வயசுக்கு ஏத்த காரியமாங்க இது?" என்று நன்றாகத் திட்டி, திட்டி முடித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "காத்துமில்ல, கருப்புமில்ல. இந்த ஆளுதான்!" கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து புகுந்த வீட்டில் என் மாமாவுக்கு நட்டு மாமா என்று பெயர். வருஷக்கணக்காக எந்த விசேஷத்துக்குப் போனாலும், "ஏங்க, விசிறியில கையை வெச்சிடாதீங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். என் பெண்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவர் சிரித்துக்கொண்டே டெஸ்டரைப் பைக்குள் தள்ளிக்கொள்வார். தான் முடுக்கிய நட்டைப் பற்றிய பெருமையை அதற்குப் பிறகு அவர் பேசியதே இல்லை. நான் அதையும் கவனிக்கவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் என் மாமியார். மாமா வந்தால் எழுந்து நிற்பார். முதல் காப்பி அவருக்குத்தான். தோட்டத்தில் கடலை எடுத்தால் ஒரு மூட்டை ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்ஸில் போய்விடும். பெண் கொடுத்த வீட்டுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் நான் சொந்தமாக ஒரு கார் வாங்கினேன். திருச்சி காட்டூரில் எங்கள் வீட்டு முன்னால் பூஜை போட, ஊரிலிருந்து மாமியார் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். மாலையை மாட்டுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்கலாம் என்று நான் அந்தச் சட்டையை எடுத்தேன். பழைய காரிலிருந்து அதுவும் இடம் மாறியிருந்தது. மாமியார் அதை என் கையிலிருந்து வாங்கினார். ஓட்டையைத் தடவிப் பார்த்தார். "இது அண்ணன் சட்டைதான? அன்னிக்குப் போட்டிருந்தது" என்றார். கண் கலங்கிவிட்டது. அதிகம் பேசாத மனுஷி, அன்றைக்குப் பேசினார்.

அந்த வெளிச்சத்துக்குப் பயந்து, ரோட்டோரக் கோயிலில் மந்திரித்த பழம் வாங்கி வண்டிக்குள் வைப்பது அந்தப் பக்கம் வழக்கமாகிவிட்டிருந்ததாம். சக்கரத்தில் வைத்தால் நசுங்கும், வெளியே கட்டினால் திருடுவார்கள் என்று, கார்க்காரர்கள் மட்டும் முன்பக்கத்தைத் திறந்து உள்ளே வைப்பார்கள். பழம் உருளாமல் உட்கார அங்கே ஒரே இடம், பேட்டரியின் தலை. என் மாமியாரும் மகன் வண்டிக்கு, யாருக்கும் சொல்லாமல், ஒன்று வைத்திருக்கிறார். சூட்டில் பழம் வெடித்து, சாறு வழிந்து, பேட்டரி முனையெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்துவிட்டது. ஓடுகிற வண்டி ஓடும். ஒருமுறை அணைந்தால் திரும்பக் கிளம்பாது. வெளிச்சத்திடமிருந்து காப்பாற்ற வைத்த பழம்தான் வண்டிகளை நிறுத்தியிருக்கிறது.

"மூடியைத் தொறந்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. வேர்த்துக் கொட்டுது. பெரியவருக்குத் தெரிஞ்சா, என்னாலதான்னு ஊரையே கூப்பிட்டுச் சொல்லுவாரு. உங்க மாமா என் மூஞ்சியை ஒரு தரம் பார்த்தாரு. அவ்வளவுதான். பழத்தை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு" என்றார் மாமியார். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது, பின்னாலேயே போன அவரிடம் அந்தப் பழத்தைக் கொடுத்து, மாமா சொன்னது இவ்வளவுதான்: "இதை வண்டிக்கு வெளிய கட்டுங்க தங்கச்சி. உள்ள சூடு." அதற்குப் பிறகு மாமியார், உள்ளே வைத்தால் சாமிக்குப் புழுங்கும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி, எல்லாப் பழத்தையும் வெளியே கட்டவைத்துவிட்டார். வண்டிகள் நிற்பது நின்றது.

ஆக, பேட்டரி ஆசிட் ஊறிய பழம் அரித்த ஓட்டை. என் மாமியார் முன்னால் நான் தலைநிமிர்ந்து வாழ வேண்டும், அதைவிட அவர் என் முன்னால் தலைகுனிந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதன் தன் பெருமையைத் தூக்கிப் போட்டிருக்கிறான். அதை வைத்து நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்ரீரங்கம் போனேன். மாமாவுக்கு இப்போது முட்டி வலி. படியில் பக்கவாட்டாக இறங்கி வந்தார். சட்டையை நீட்டி, "எல்லாம் சொல்லிட்டாங்க மாமா. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? கள்ளா!" என்றேன்.

"என்ன சொன்னாங்க? நட்டை நான்தான் முடுக்காம விட்டேன்" என்றார். பின்னால் என் கணவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். சட்டையை வாங்கி, ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டார். புது வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். நம்பர் பிளேட்டுக்கு மேலே கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தின் முன்னால் நின்றார்.

"யார் கட்டினது? தங்கச்சியா?"

"ஆமா மாமா."

"உள்ள ஒண்ணும் வைக்கலையே?"

"இல்ல."

மாமா குனிந்து அந்தப் பழத்தின் முடிச்சை இழுத்து, இன்னும் ஒருமுறை இறுக்கிக் கட்டினார்.