அண்ணனுக்கு வந்த வேன்

அடையாறு ஆத்தோரம்தான் எங்க குடிசை. அண்ணன் என்னவிட பெரியவன், ஆனா மனவளர்ச்சி கம்மி. அதனால எங்கம்மாக்கு அவன்தான் கைக்கொழந்த. மீன் கொழம்பு வச்சா நடுத்துண்டு அவனுக்கு, வாலு எனக்கு. எனக்கு ஜொரம் வந்தாகூட, "அண்ணனுக்கு ஒட்டிக்கப் போவுது, தள்ளிப் படு"ன்னும்.

தொண்ணூறுகள்ல ஒரு நாள், மயிலாப்பூர்ல மனவளர்ச்சி கம்மியானவங்களுக்குன்னு இருந்த சென்டர்லேர்ந்து ஒரு அக்கா பெரிய ரிஜிஸ்டரோட வந்துச்சி. அண்ணன மாதிரி ஆளுங்க எந்தச் சந்துல எத்தினி பேர், யாரு யாருக்கு இன்னா செய்ய வரும்னு வீடு வீடா எழுதினு வந்துச்சி. தன் வேலய தானே பாத்துக்கறவங்க நெறய பேர் இருந்தா அந்தச் சந்துக்கு வேன் வுடுவாங்க, சென்டர்ல தொழில் கத்துக் குடுப்பாங்க. முடியாதவங்களுக்கு எப்பவாவது வீட்டாண்ட ஒரு ஆள் வரும்.

எங்காண்ட ஒரு பழக்கம். வெள்ளம் வந்தப்புறம் யாராவது நோட்டோட வந்தா, இருக்கறதையும் இல்லன்னு சொல்லணும். அப்பதான் பாயி, பக்கெட்டு கெடைக்கும். எங்கம்மா இதையும் அப்டியே நெனச்சிக்கிச்சி.

"தானா சாப்புடுவாராம்மா?"

"எங்க மேடம், நான்தான் ஊட்டி வுடணும்."

"சட்ட போட்டுப்பாரா?"

"பட்டன்னா இன்னான்னே தெரியாது."

"வெளிய போவாரா?"

"வாசல தாண்ட மாட்டான்."

அக்கா அண்ணன் பக்கத்துல குந்தி, "உங்களுக்கு இன்னா புடிக்கும்?"னு கேட்டுச்சி. உங்களுக்கா! எட்டாவதுல நான் பெயிலானப்போ வாத்தியார் 'நீ'ன்னுகூட கூப்டல, 'எரும'ன்னாரு. அவனும் இளிக்கறான். நான் நடுவுல பூந்துட்டேன்.

"மேடம், எல்லாம் புளுகு! கைப்பம்புல வீட்டுக்கே தண்ணி அடிக்கறவன் இவன். நேத்து என் புதுச்சட்டய பட்டன் மாறாம போட்டுனு, கோயிலாண்ட பொங்கல் வாங்கித் துன்னுட்டு வந்தான். எனக்கு ஒரு வாய் குடுக்கல!"

"டேய் கஸ்மாலம், வாய மூடு! வர்றதையும் கெடுத்துடாத!"

"ஏம்மா, நீங்க சொன்னத எழுதினா அவரு வீட்லயே கெடப்பாரு. தம்பி சொல்றது நெசம்னா வேன்ல எடம் கீது."

அம்மா அப்டியே கட்சி மாறிச்சி. "நல்லாவே தண்ணி அடிப்பான்"னுச்சி. அக்கா பழசை அடிச்சிட்டு புதுசா எழுதிச்சி. பக்கத்து வீடுங்களுக்கும் திரும்பிப் போச்சி. அங்கயும் எல்லாரும் இதே பாட்டுதான் பாடியிருக்காங்க. மறுபடியும் கேட்டு எழுதினப்புறம், எங்க சந்துக்கு வேன் வந்துச்சி.

எனக்கு இன்னா கெடச்சிது? ஒண்ணுமில்ல. அவன் பவுடர் பூசினு ஜன்னலோரம் ஜம்முன்னு குந்தினு போனான். நானும் ஏறப் போனேன், டிரைவர் எறக்கி வுட்டாரு.

சென்டர்ல ஒரு மெழுகுவத்தி செஞ்சி எடுத்துனு வந்தான். கோணலா இருந்துச்சி. அன்னிக்கே கரண்ட் போச்சி. அம்மா அத ஏத்தவே இல்ல, இருட்டுல மடில வச்சினு குந்தியிருக்குது.

"ஏத்தும்மா, கொசு புடுங்குது!"

"போடா. இது எம்புள்ள செஞ்சது."

அப்ப நான் யாரு புள்ளயாம்?