‘பென்ஜாகா’ என்று எழுதினேன்

இன்று குளுவாங்கில் அரசாங்க வேலைவாய்ப்பு முகாமுக்குப் போயிருந்தேன்.

பாரத்தில், கடைசிச் சில வருடம் என்ன வேலை என்ற இடத்தில் ‘பென்ஜாகா’ என்று எழுதினேன். பராமரிப்பவருக்கு மலாய் மொழியில் அதுதானே சொல்.

பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த தமிழ் அக்கா பாதியைத்தான் படித்தார் போல.

"ஜாகாவா? எந்தக் கம்பெனிக்கு தம்பி?"

நம் ஊரில் ஜாகா என்றால் வாட்ச்மேன்.

"கம்பெனி இல்லக்கா. வீட்டுலதான்."

"அலமாக், பெரிய பங்களாவோ? டே ஷிஃப்டா, நைட்டா?"

"ரெண்டும்தான்."

சிரித்தார். பிறகு சொன்னேன். மனைவி படுத்த படுக்கையானதும் சிங்கப்பூரில் மெஷின் டெக்னீஷியன் வேலையை விட்டேன். இரண்டு வருடம் அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டேன். நான்கு மாதத்துக்கு முன் போய்விட்டாள்.

"மன்னிச்சிக்குங்க தம்பி" என்றவர் கம்ப்யூட்டரில் ரொம்ப நேரம் தேடினார். "சிஸ்டத்துல அதுக்கு இடமே இல்லை. வேலை செஞ்சார், வேலை செய்யலை, ரெண்டுதான் இருக்கு. ஒண்ணைப் போட்டாதான் அடுத்த பக்கம் போகும்."

"அப்ப செஞ்சேன்னு போடுங்க."

"முதலாளி பேரு கேக்கும் லா."

என் மனைவியின் பெயரைச் சொன்னேன்.

அக்கா தட்டச்சு செய்யவில்லை. என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சம்பளச் சீட்டும் கேக்கும், தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ‘வேலை செய்யவில்லை’ என்பதை அழுத்தினார். அடுத்த பக்கம் வந்தது.

ஆக, அரசாங்கப் பதிவில் இரண்டு வருடம் சும்மா இருந்திருக்கிறேன். வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டு ‘சும்மா இருக்கிற’ மற்றவர்களே, முதலாளி பெயர் கேட்டால் நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?