மெஷின் வெளியே, மனுஷன் உள்ளே

நகைக்கடைக்குப் போகிற மாதிரி சிரித்துக்கொண்டு ஜெனரேட்டர் கடைக்கு யாரும் வருவதில்லை. கரண்டு போய், கிரைண்டரில் மாவு பாதியில் நின்று, வீட்டில் ஒரே விசிறிக்கு மூன்று பேர் சண்டை போட்ட பிறகுதான் வருவார்கள்.

கரண்டு போனதும் முதலில் பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கும் என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்து, காலேஜ் திறக்கும்வரை தென்காசியில் அத்தையின் கடையில் இருந்தேன். வீட்டுக்கான சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் விற்கிற கடை. குற்றாலத்தில் சீசன் வந்தால் ஊருக்கெல்லாம் அருவிக் குளியல். எங்களுக்கு, காற்றில் சாய்ந்த மரம், அறுந்த கம்பி, ஓயாத போன்.

அத்தை எதைச் சொன்னாலும் அதட்டித்தான் சொல்வாள். முதல் நாளே ஒரு சட்டம் போட்டாள்: நாம் விற்கிற மெஷின் எந்த வீட்டுக்குள்ளும் ஓடக் கூடாது. கடை தொடங்கிய வருஷம் ஒருவர் மெஷினை அடுப்படியில் வைத்து ஓட்டி, குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்ததாம். அந்தப் புகையில் இருக்கிற விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அன்றைக்கே நானும் முடிவு செய்துவிட்டேன்: நான் இருக்கிற வரைக்கும் ஒரு மெஷின்கூட வாசப்படி தாண்டி உள்ளே போகாது.

ரெண்டு ஃபேன், நாலு லைட்டு

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஏட்டையா வந்தார். "இருக்கதுலயே சின்ன மெஷினா குடு. ரெண்டு ஃபேன், நாலு லைட்டு, அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நம்பி ஒன்றரை கேவிஏ சக்தியுள்ள சின்ன மெஷினைக் கொடுத்தால், மறுநாள் ஃபிரிட்ஜ் கிளம்பவில்லை என்று சண்டைக்கு வருவார்கள்.

யார் குரலும் என் வாயில் அப்படியே வரும். அவருடைய ஸ்டேஷன் குரலிலேயே அவரை விசாரித்தேன். "ம்ம், உண்மையைச் சொல்லும். ஃபிரிட்ஜ் இருக்கா?" இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். "மிக்ஸி?" அதுவும் வெளியே வந்தது. மோட்டார் வைத்த சாமான் எதுவானாலும், ஓடும்போது ஒரு பங்கு இழுத்தால் கிளம்பும்போது மூன்று பங்கு இழுக்கும், அதைத் தாங்குகிற மாதிரிதான் மெஷினைப் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பில் போடுகிற நேரத்தில் போன் வந்தது. "தண்ணி மோட்டாரும் இதுல ஓடும்லா?" என்று அவர் வீட்டம்மா கேட்டது எனக்கே கேட்டது. ஒன்றரை குதிரைசக்தி மோட்டாராம். "இதை ஏன் ஏட்டையா முதல்லயே சொல்லல?" என்றேன்.

"வீட்டுல என்னென்ன இருக்குன்னுதான நீ கேட்டே? அது கெணத்துக்குள்ளல்லா கெடக்கு!"

வந்த வழி

ஒருநாள் காலையில் ஊரெல்லாம் கரண்டு இல்லை. ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஒரு மணி நேரம் ஐந்து மெஷினைக் கயிறு இழுத்து ஓட்டிக் காட்டினேன், தோள்பட்டை கழன்றுவிட்டது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பணத்தை எண்ணப் போகிற நேரத்தில் எங்கள் கடை ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அண்ணாந்து அதைப் பார்த்தார். பணம் பைக்குள் திரும்பிப் போனது.

"அதான் வந்துட்டுல்லா, இனி எதுக்கு?"

வாயால் ஓடிய மெஷின்

குற்றாலத்திலிருந்து டியூஷன் வாத்தியார் ஒருவர் போன் செய்தார். மாடியில் பாடம் நடக்கும், கீழே மெஷின் ஓடும், சத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டார். எண்ணில் சொன்னால் யாருக்குப் புரியும்? வாயாலேயே ஓட்டிக் காட்டினேன். சாதா மெஷின் ஒன்று, இன்வெர்ட்டர் மெஷின் என்கிற அமைதியான ரகம் ஒன்று. பிறகு உற்சாகம் தாங்காமல் இடவாரியாகவும் ஓட்டினேன். திறந்த வெளியில் சத்தம் காற்றோடு போய்விடும். தகரத்துக்கு அடியில் சலசலக்கும். அறைக்குள் வைத்தால் சுவரில் முட்டி, 'ம்ம்ம்' என்று நெஞ்சுக்கூட்டுக்குள் இரைகிற மாதிரி திரும்பி வரும். "அறைக்குள்ள வச்சா இந்தச் சத்தம் சார். இதைக் கேட்டா உடனே வெளிய ஓடிரணும்" என்றேன்.

அமைதியான ரகத்தையே வாங்கினார். மூன்றாம் நாள் அத்தைக்குப் போன் செய்து புகார் சொன்னார்.

"மெஷின் நல்லாத்தாம்மா ஓடுது. ஆனா அந்தப் பிள்ளை போட்ட சத்தத்துல ஒரு இனிமை இருந்துச்சு, இதுல அதைக் காணோமே."

ஐந்தருவி லீவு

எங்கள் மெக்கானிக் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு, சீசனில் அருவி கொட்டியும் தலை நனைக்க நேரமில்லை என்பதில் பெரிய வருத்தம். ஒருநாள் அத்தை பேங்குக்குப் போனதும், கடைப் போனில் அவரைக் கூப்பிட்டு அத்தை குரலில், "ஏய்யா சுடலை, எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கிரீஸுலயே கெடப்ப? போய் ஐந்தருவில குளிச்சிட்டு வா" என்றேன். கேட்ட மறு நிமிஷம் மனிதர் எண்ணெய்க் குப்பியோடு கிளம்பிவிட்டார். அன்றைக்கு மூன்று வீட்டில் மெஷின் மாட்ட வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பஞ்சாயத்து. "இனிமே என் கொரல்ல ஒரு வார்த்தை பேசினேன்னு தெரிஞ்சுது, காலேஜ் திறக்கது வரைக்கும் வீட்டுலயே கெட. கடைப்பக்கம் வரக் கூடாது" என்றாள் அத்தை. மூன்று பேர் முன்னால் சத்தியம் செய்தேன். அண்ணாச்சிதான் எல்லோரையும்விடச் சோர்ந்து போனார். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"பத்து வருசத்துல மொதலாளியம்மா வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துச்சேன்னு சந்தோசப்பட்டேன், அதுவும் நீதானா?"

மாலை போட்ட மெஷின்

குத்துக்கல்வலசையில் ஒரு புது வீடு. மெஷினை ஓட்டிக் காட்ட அண்ணாச்சியோடு நானும் போனேன். நடு ஹாலில், டிவிக்குக் கீழே, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தது மெஷின். "வெளிய கொண்டு போங்க" என்றேன். வீட்டுக்காரர் காரணங்களை அடுக்கினார். வெளியே வைத்தால் சாரலில் நனையும். கண்ணு பட்டுவிடும். அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வயர் கேட்பான்.

நான் மாலையை நகர்த்திவிட்டு மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஓட்டினா வெளியதான் ஓட்டுவேன். இல்லைன்னா நான் இங்கனயே இருக்கேன், ராத்திரிக்கு என்ன சாப்பாடு?" என்றேன். அரை மணி நேரம் அவர்களும் அசையவில்லை, நானும் அசையவில்லை. சோறு போட வேண்டி வந்துவிடுமோ என்றுதான் அசைந்தார்கள் என்று நினைக்கிறேன். வீட்டை விட்டுத் தள்ளி, நாலு கம்பு நட்டு, சுவரே இல்லாமல் மேலே மட்டும் தகரம் போட்டு, புகை வாய் வீட்டைப் பார்க்காமல் திருப்பி வைத்தோம். வீட்டுக்காரம்மாவுக்கு மனசே ஆறவில்லை.

"நாயே வீட்டுக்குள்ள படுக்கு, இவ்வளவு விலை கொடுத்து வாங்கின மெஷின் வெளிய படுக்கணுமா?"

ஜமீலா அக்கா வீட்டுப் போன்

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்றும் சாரலும். கரண்டு இல்லை. அத்தை செங்கோட்டைக்குப் போயிருந்தாள். மத்தியானம் ஜமீலா அக்கா போன் செய்தார். வீட்டுக்காரர் சவுதியில். இங்கே அக்காவும், மாமியாரும், ஆறு வயசுப் பையனும். போன வாரம்தான் மெஷின் வாங்கி, தோட்டத்தில் தகரத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். "மெஷின் ஓடும்போது மிக்ஸி போடலாமா?" என்பதுதான் கேள்வி. எனக்குக் கேள்வி காதில் ஏறவில்லை. அவர் குரலுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். வாத்தியாருக்கு நான் ஓட்டிக் காட்டிய, அறைக்குள் இரைகிற சத்தம்.

"அக்கா, மெஷின் எங்கன இருக்கு?"

"சாரல் அடிக்கில்லா, ஸ்டோர் ரூமுக்குள்ள இழுத்து வச்சிருக்கேன். ஜன்னலைத் திறந்துதான் வச்சேன், தண்ணி அடிச்சுதுன்னு சாத்திட்டேன்."

"உடனே அமத்துங்க. வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"மாமி வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்காங்க. தம்பி தலை வலிக்குன்னான், எழுப்பினா எந்திக்க மாட்டேங்கான். எனக்கும் கிறுகிறுன்னு வருது. மழைக்காய்ச்சல் போல. ஏம்மா, நீ சின்னப்பிள்ளை, கடைக்கார அக்காட்ட போனைக் குடு. நான் அவங்கட்டயே கேட்டுக்கிடுதேன்."

இரண்டு தடவை சொன்னேன், கெஞ்சினேன். "அக்காட்ட குடு" என்பதிலேயே நின்றார். குரல் வேறு இழுத்துக்கொண்டு வந்தது. செய்த சத்தியத்தை நினைத்தேன். இனி கடைக்கு வர முடியாமல் போனாலும் போகட்டும் என்று போனைக் கையால் பொத்தி, ஒருதரம் தொண்டையைச் செருமினேன்.

"ஜமீலா! மெஷினை அமத்து! அமத்திட்டு, பிள்ளையத் தூக்கு, மாமியக் கூட்டிட்டு வாசலுக்கு வா. நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போ! பக்கத்து வீட்டு ஆளைச் சத்தம் போட்டுக் கூப்பிடு!"

"இன்னா அமத்துதேன்க்கா" என்றார். 'ம்ம்ம்' நின்றது. கதவு திறக்கிற சத்தமும், மழைச் சத்தமும், யாரையோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. கடை செல்லில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அண்ணாச்சியோடு பைக்கில் நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. தொப்பலாக நனைந்த பையன் ஆம்புலன்ஸில் கண்ணைத் திறந்து, என்னை முறைத்துப் பார்த்து, முதல் வார்த்தை பேசினான்:

"டிவி ஏன் நின்னுட்டு?"

யார் அதட்டினது?

ஆக்சிஜன் வைத்து, இரண்டு நாளில் மூன்று பேரும் வீடு திரும்பினார்கள். போனில் யார் குரலில் பேசினேன் என்பதை அந்த இரண்டு நாளும் நான் அத்தையிடம் சொல்லவில்லை, அண்ணாச்சியும் காட்டிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஜமீலா அக்கா பையனோடு நேராகக் கடைக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீங்க போன்ல அப்படி அதட்டலைன்னா நாங்க இல்லக்கா" என்று அழுதார். அன்றைக்கு அத்தை செங்கோட்டையில் இருந்தாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அத்தை ஜமீலா அக்கா பக்கம் திரும்பி, "ஆமா, நாந்தான் அதட்டுனேன். இனிமே மழையோ புயலோ, மெஷின் வெளியதான் இருக்கணும்" என்றாள். அவர்கள் போனதும் என் தோளிலிருந்து பையை இழுத்து மேசைமேல் போட்டாள். அன்று போனில் என்ன பேசினேனோ அதை அப்படியே பேசிக் காட்டச் சொன்னாள். பேசினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் என்னைக்கு இவ்வளவு மரியாதையா பேசியிருக்கேன்? அடுத்த தடவை ரெண்டு 'ஏட்டி' சேத்துப் போடு."

மொத்தத்தில், எத்தனை கேவிஏ வாங்குவது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எங்கே வைப்பது என்று சொல்ல மட்டும் ஓர் அதட்டல் தேவைப்படுகிறது, அதை இப்போது எங்கள் கடையில் மெஷினோடு இலவசமாகத் தருகிறோம்.