தாமதத்துக்குக் காரணம்

பள்ளிக்கூட வேனை ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டு வந்தவள் என்பதால் டிப்போவில் அவளுக்கு ‘வேன் அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த டிப்போவில் பேருந்து ஓட்ட வந்த முதல் பெண் அவள்தான். வேலையில் சேர்ந்த அன்று மேனேஜர் கைகுலுக்கி, போட்டோ எடுத்து, பத்திரிகைக்கும் கொடுத்தார். எல்லாம் முடிந்து பதினொரு மணிக்கு, பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்று டைம் கீப்பரிடம் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது... இங்க இல்லையேம்மா.”

“இல்லைன்னா? ஆபீஸ்ல ஒரு கிளார்க் அம்மா இருக்காங்க. பெருக்குற அம்மா இருக்காங்க. அவங்க எங்க போறாங்க?”

“அதெல்லாம் நான் எப்படிம்மா கேக்கிறது?”

பெருக்குகிற அம்மாவிடம் அவளே கேட்டாள். பதினாறு வருஷமாக அந்த டிப்போவைக் கூட்டுகிறவர். “காலைல இருந்து தண்ணியே குடிக்க மாட்டேன் கண்ணு. பழகிப் போச்சு” என்றார். கிளார்க் அம்மா எதிர்ப்புறத்து போட்டோ ஸ்டுடியோவில் சொல்லி வைத்திருந்தார். ஸ்டுடியோ பூட்டியிருக்கும் நாளில் அவர் அரைநாள் விடுப்புப் போட்டுவிடுவார். அந்த அரைநாள் விடுப்புகளைப் பார்த்து, “பொம்பளைங்களுக்கு வேலையில அக்கறை இல்லை” என்று மேனேஜர் சொல்வது வழக்கம்.

வேன் அக்கா மனு எழுதினாள். முதல் மனு மேசை மாறும்போது தொலைந்து போனது. இரண்டாவதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார்.

“மொத்தமே மூணு பேரு இருக்கீங்க. மூணு பேருக்காக ஒரு கட்டடம் கேட்டா மேல என்ன சொல்வாங்க?”

“கட்டடம் இல்லாததாலதான் சார் மூணு பேரு. என்கூட பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணின நாலு பேர் வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

“அப்போ ஆளு கூடட்டும். கூடினதும் கண்டிப்பா கட்டிடலாம்.”

சுவரோடு பேசியிருந்தால் தொண்டையாவது மிச்சமாகியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சங்கச் செயலாளரிடம் போனாள். இதைவிடப் பெரிய பிரச்சினைகள் பன்னிரண்டு வரிசையில் நிற்பதாக அவர் சொன்னார். கணவரிடம் சொன்னாள். அவர் வெல்டிங் பட்டறைக்காரர். “இரும்புக் கதவு வேணும்னா சொல்லு, செஞ்சு தர்றேன். சண்டைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத” என்றார். அதற்குமேல் கேட்க அவளுக்கும் தெம்பில்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தாள். ஒருநாள் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு நான்கு நாள் படுத்தாள். ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தவள், மனு எதுவும் எழுதவில்லை.

அவள் ஓட்டிய தடத்தில் ஏழாவது நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் நாத்தனார் வீடு இருந்தது. அன்று காலை இரண்டாவது டிரிப்பில் அந்த நிறுத்தத்தில் பேருந்தை ஓரம் கட்டி, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்து இறங்கினாள்.

“அக்கா, எங்க போறீங்க?” என்று கண்டக்டர் பதறினான்.

“கழிப்பறைக்கு. பத்து நிமிஷத்துல வந்துடுவேன்.”

முன் சீட்டில் ஒருவர், “இதென்ன கூத்து, ஆபீஸுக்கு நேரமாகுது” என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஓர் அம்மாள், “நீங்க ரோட்டோரம் சுவரைப் பார்த்து நிப்பீங்க, அவங்க எங்க போவாங்க?” என்று கேட்டதும் அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

டிப்போவுக்குத் திரும்பியதும் டிரிப் ஷீட்டை எடுத்தாள். அதில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. போக்குவரத்து நெரிசல், டயர் பஞ்சர் என்றெல்லாம் எழுதுகிற இடம். அவள் முத்து முத்தாக எழுதினாள்: ‘ஓட்டுநர் கழிப்பறைக்குச் சென்றார். டிப்போவில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பதினோரு நிமிடம்.’

டைம் கீப்பருக்கு வியர்த்துவிட்டது. “என்னம்மா இது, இதையெல்லாமா எழுதுறது? பஞ்சர்னு போடு.”

“பஞ்சர் ஆகலையே சார்.”

“சொந்த வேலைன்னு போடேன்!”

“ஆம்பளைங்களுக்கு மட்டும் அது சொந்த வேலை இல்லையா? நாலு அறை கட்டி வச்சிருக்கீங்களே!”

அவர் ஷீட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். மறுநாளும் அதே பத்து, பதினோரு நிமிடம். அதற்கு மறுநாளும். சில நாள் இரண்டு தடவை. மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். விளக்கம் கேட்பதானால் எழுத்தில் கேட்கச் சொன்னாள் அவள். எழுத்தில் என்னவென்று கேட்பது என்று தெரியாமல் அவர் அதை ஆறப்போட்டார். நாத்தனார் மட்டும், “அண்ணி, என் வீட்டை டெர்மினஸ் ஆக்கிட்டீங்க. தெருவே எட்டிப் பார்க்குது” என்று முனகினாள். ஆனாலும் பின்கதவைத் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டாள்.

மாதக் கடைசியில் ஷீட்டுகள் எல்லாம் தலைமை அலுவலகத்துக்குப் போயின. அங்கே யாரோ கம்ப்யூட்டரில் காரணவாரியாகக் கூட்டி ஓர் அறிக்கை எடுத்தார்கள். நெரிசல் முப்பத்தொன்று. பஞ்சர் ஆறு. கழிப்பறை நாற்பத்து மூன்று. அந்த அறிக்கையோடு ஓர் அதிகாரி வந்து இறங்கினார். மேனேஜர், சங்கச் செயலாளர், டைம் கீப்பர், வேன் அக்கா எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

பெருக்குகிற அம்மாவின் பதினெட்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வேன் அக்கா மனசுக்குள் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். அதிகாரி அவள் பக்கமே திரும்பவில்லை.

“இந்த நாற்பத்து மூணு என்ன சார்? கூட்டத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க. அடுத்த மாசம் இந்த வரி என் மேசைக்கு வரக்கூடாது.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிட்டார்.

அவ்வளவுதான். ஐந்தே வாரத்தில் கட்டடம் எழும்பியது.

அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. மரியாதையாக இரண்டு வருஷம் கேட்டதற்கு இல்லாத செங்கல், ஒருவருடைய மேசையில் ஒரு வரி உறுத்தியதும் வந்து குவிந்ததே என்று பற்றிக்கொண்டு வந்தது. திறப்பு விழாவில் சங்கச் செயலாளர் நாடாவை வெட்டி, தங்கள் தொடர் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று பேசினார். அவள் கை தட்டாமல் நின்றதை, அவளுக்குப் பெருந்தன்மை போதாது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

விழா முடிந்த பத்தாம் நாள் அங்கே பூட்டு தொங்கியது. சாவி டைம் கீப்பரிடம். உள்ளே பழைய டயர்கள்.

“சும்மாதானே கிடக்குதுன்னு, மழைக்காக நாலு டயரை...”

வேன் அக்கா அவர் கையிலிருந்த சாவியை வாங்கினாள். பெருக்குகிற அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். மதிய ஷிப்டு மாறுகிற நேரம்; முற்றம் நிறைய ஆட்கள். இருவரும் டயர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி உருட்டிக்கொண்டு போய், மேனேஜர் அறை வாசலில் அடுக்கினார்கள். பதினேழு டயர்கள். எட்டாவதற்கு மேல் கண்டக்டரும் மெக்கானிக்குகள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் கதவைத் திறந்தபோது டயர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பூட்டை அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்று அந்த டிப்போவில் பதினான்கு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் ஓட்டுநர்கள். பெருக்குகிற அம்மா ஓய்வு பெறும்வரை காலையில் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தார். பார்வையிட வருகிறவர்களிடம் டைம் கீப்பர், “பெண்கள் விஷயத்துல நாங்க எப்பவுமே ஒரு படி முன்னால” என்று சொல்கிறார். பொய் சொல்கிற முகமே இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்புகிறார். முதலில் வேன் அக்கா திருத்திப் பார்த்தாள். இப்போது அவர் ஆரம்பித்ததும் தள்ளிப் போய் நின்றுகொள்கிறாள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர்ப் பெண் ஒருத்தி ஒரு தாளோடு வந்தாள்.

“அக்கா, பாத்ரூம்ல பையை மாட்ட ஒரு கொக்கி கிடையாது. குழாய் ஒழுகுது. ஷெட்டுல இருந்து அவ்ளோ தூரம் மழையில நனைஞ்சுகிட்டே ஓடணும். எப்படித்தான் இத்தனை வருஷம் சகிச்சுக்கிட்டீங்களோ!”

வேன் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. ‘இது கிடைச்சதே பெரிசுடி’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் தன் குரல் யாருடையதைப் போலக் கேட்கும் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

“முதல் கையெழுத்து நீங்க போடுங்கக்கா.”

“எதுக்கு? நீதானே எழுதினே, நீ போடு. போட்டுட்டு மத்தவங்ககிட்ட கொண்டு போ.”

தாள் சுற்றி வந்தபோது ஏழாவது இடத்தில் கையெழுத்திட்டாள். ‘குழாய்’ என்பதில் ‘ழ’வுக்குப் பதில் ‘ல’ இருந்ததை எரிச்சலோடு திருத்தினாள். மதியம் ஒன்று பத்து டிரிப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. போய் வண்டியில் ஏறினாள்.