முப்பது பேரின் காலடி

பயிற்சி முகாமின் கடைசிக் கட்டடத்தைக் காத்திருப்போர் கூடம் என்பார்கள். பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். பதினொன்றில் மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். பயிற்சியில் அடிபட்டவன் எலும்பு சேரும்வரை இங்கேதான் கிடக்க வேண்டும். சுருட்டாத ஒரே மெத்தையில், வலது காலில் மாவுக்கட்டோடு அவன் கிடந்தான்.

இருபது வயது. வீட்டில் அக்காவும் அவனும்தான். அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். அவனுக்குப் பேச்சு குறைவு. பள்ளியில் இவன் "உள்ளேன்" சொன்னது காதில் விழாமல் ஆசிரியர் ஆப்சென்ட் போட்ட நாட்கள் உண்டு. போய்த் திருத்தச் சொல்லவும் கூச்சப்பட்டு, வகுப்பில் உட்கார்ந்தபடியே வராதவனாக இருந்திருக்கிறான்.

அவன் ராணுவத்துக்கு வந்ததும் பெரிய வீரத்தால் இல்லை. ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், வந்தான். ஆனால் முதல் வாரம் காலாட்படை அணியோடு தார்ச்சாலையில் ஓடியபோது ஒன்று நடந்தது. முப்பது பேரின் பூட்ஸ் ஒரே சமயத்தில் தரையில் விழுந்தது. முப்பது சத்தமில்லை, ஒரே சத்தம். அதற்குள் தன்னுடையதும் இருந்தது. வாயே திறக்காமல் கூட்டத்தில் ஒருவனாக இருக்க இப்படியும் ஒரு வழி இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே ஓடினான்.

அணியில் அவனுக்கு மேல் கட்டில்காரன் ரேடியோ. வாய் ஓயாததால் வந்த பெயர். தூக்கத்திலும் நிகழ்ச்சி உண்டு. அந்த ரேடியோதான் இவனுக்குப் 'பூனை' என்று பெயர் வைத்தான். "வர்றதும் தெரியல, போறதும் தெரியல. கழுத்துல ஒரு மணி கட்டிவிடணும்டா இவனுக்கு."

ஒன்பதாவது வாரத்தில் பூனைக்கு வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பித்தது. சொன்னால் காத்திருப்போர் கூடம், அணி போய்விடும். அதனால் சொல்லவில்லை. பழைய துண்டை நீளவாக்கில் கிழித்து, நனைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை இறுக்கிச் சுற்றினான். மேலே காலுறை. பூட்ஸ் கயிற்றை மேலிருந்து இரண்டு துளை விட்டுக் கட்டினான். மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் ஓடினான். நடுவில் ஒருநாள் ரேடியோ காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவனுக்கும் சுற்றிக் காட்டினான்.

"பூனை, நீ பெரிய விஞ்ஞானிடா!"

அவன் ஒருவருக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தான். அடுத்த வாரம் பள்ளம் தாண்டும்போது அவன் கால் காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்தது.

கூடத்துக்கு முதல் வாரம் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். மாவுக்கட்டில் கிறுக்கினார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர். அப்புறம் ரேடியோ மட்டும். பிறகு அவனும் வாசலில் நின்று கையாட்டிவிட்டு ஓடினான், பயிற்சி அப்படி. யார்மேலும் தப்பில்லை. தப்பில்லை என்பது தெரிந்திருந்ததால் கோபப்படக்கூட ஆளில்லாமல் போனது.

பிறகு அலுவலகத்து கிளார்க் ஒரு படிவத்தோடு வந்தார்.

"தம்பி, மூணு கட்டம் இருக்கு. முதல் கட்டம், வீட்டுக்கு. ரெண்டாவது, கால் தேறினதும் அடுத்த அணியோட மறுபடி காலாட்படை. மூணாவது, வேற பிரிவு. கிளார்க்கோ, கிடங்கோ, மருத்துவ உதவியோ, பேர எழுதணும். ஒண்ணுலதான் டிக் அடிக்கணும். மூணுலயும் அடிச்சான் ஒருத்தன். அவன் இப்ப எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள என் மேசைக்கு வந்துடணும்."

முகாம் டாக்டரம்மா, கால் பழையபடி தேற அறுபது சதவீதம் வாய்ப்பு என்று எழுதியிருந்தார். ஓடலாம், ஆனால் உத்தரவாதம் தர மாட்டேன் என்றார். அவனுக்கு அறுபது போதும். மனதுக்குள் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தாயிற்று.

அக்காவுக்குப் போன் போட்டான்.

"வீட்டுக்கு வந்துடேன்டா."

"பாக்கறேன்க்கா."

"மாவுக்கட்டுக்குள்ள அரிக்குதா? பென்சில் விட்டுச் சொறியாத, சொல்லிட்டேன்."

"ம்."

"என்னடா ம்? ரெண்டு நிமிஷமா உன் மூச்சுதான் கேக்குது. காசு குடுத்து மூச்சு விடறதுக்கா போன் போட்ட?"

அவன் சிரித்தான். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

நடக்க முடியாதவன் சும்மா இருக்கக் கூடாது என்பது முகாமின் சட்டம். டிரில் மாஸ்டர் அவனை முகாம் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்தார். அணி ஓடித் திரும்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம், ஆட்கள் கண்ணில் படுமுன்பே சத்தம் வந்துவிடும். உள்ளே ஓடியபோது ஒன்றாகக் கேட்ட அந்தச் சத்தம், வெளியே உட்கார்ந்து கேட்டால் நூல் நூலாகப் பிரிந்தது. இவன் குதிகாலை அழுத்துகிறான், அவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது.

புதன்கிழமை காலை அதற்குள் ஒரு காலடி மட்டும் தட்டையாக, அரை நொடி தாமதித்து விழுந்தது. அவன் கண்ணைத் திறந்தான். மூன்று வாரம் தன் காலிலிருந்து வந்த சத்தம் அது.

அணி கலைந்ததும் ரேடியோவைக் கைகாட்டி அழைத்தான்.

"கட்டியிருக்கியா?"

"என்னது?"

"கால்ல. துண்டு."

ரேடியோ சுற்றுமுற்றும் பார்த்தான். "பத்து நாளா. நீ சொல்லிக் குடுத்ததுதானே மச்சான், நல்லாவே தாங்குது."

"எனக்கும் தாங்குச்சு. அவுத்துட்டு டாக்டர்கிட்ட போ."

"போடா! இன்னும் அஞ்சே வாரம். அணிவகுப்புக்கு எங்கப்பா வேலைக்கு லீவு சொல்லியாச்சு. நீ வாயத் தொறக்காத, அது போதும்." ரேடியோ அவன் தோளில் தட்டினான். "அது ஒண்ணும் உனக்குக் கஷ்டமில்லையே."

வெள்ளிக்கிழமை இருபது கிலோமீட்டர் நடை, முதுகில் மூட்டையோடு. அணி வாசலில் நின்றது. அவன் சட்டைப்பையில் நிரப்பாத படிவம். டிரில் மாஸ்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"சார்."

யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து ஊன்றுகோலை எடுத்தான்.

"சார்!"

இருபத்தொன்பது தலையும் திரும்பின. பூனைக்கு இவ்வளவு குரல் இருக்கிறதா என்று அவனே திடுக்கிட்டான்.

"நாலாவது வரிசை, இடது ஓரம். கால்ல கட்டு இருக்கு சார். பூட்ஸைக் கழட்டிப் பாருங்க."

"உனக்கெப்படிடா தெரியும்?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் சார்."

ரேடியோ அவனைப் பார்த்தான். திட்டுவான் என்று பூனை எதிர்பார்த்து நின்றான். ரேடியோ குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். மேலே இரண்டு துளை காலியாக இருந்தது. அணி இருபத்தெட்டுப் பேரோடு கிளம்பிப் போனது.

எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல் தெரிந்தது. மாலைக்குள் இதுவும் ஒடிந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. இரண்டு மாதம் ஓய்வு, அப்புறம் அடுத்த அணியோடு ஓடலாம், பயமில்லை.

மதியம் ரேடியோ கூடத்துக்கு வந்தான். பத்துக் கட்டில்களைத் தாண்டிப் போய்க் கடைசிக் கட்டிலில் மெத்தையை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

"ரேடியோ."

மின்விசிறி சுற்றியது.

"தண்ணி வேணுமா?"

ஒருவர் மட்டும் இருந்தபோது அந்தக் கூடம் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

அவன் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தால் இவனும் ரேடியோவும் ஒரே அணி. மறுபடி மேல் கட்டில், கீழ் கட்டில். மறுபடி அந்த ஒரே சத்தம். பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றது. ஒரு சின்ன மைப்புள்ளிகூட விழுந்துவிட்டது. பிறகு கீழே இறங்கியது.

ஐந்து மணிக்கு கிளார்க் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"மருத்துவ உதவியாளர். ஏன் தம்பி, அறுபது சதவீதம்னு எழுதியிருக்காங்களே, காலாட்படை வேணாமா?"

"வேணும் சார்."

"அப்புறம்?"

"வரிசைக்குள்ள ஓடுறப்ப, மத்தவங்க காலடி தனியா கேக்காது சார்."

கிளார்க்குக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் முத்திரை முத்திரைதான், ஓங்கிக் குத்தினார்.

எட்டு மாதம் கழித்து அடுத்த அணியின் நிறைவு அணிவகுப்பு நடந்தது. மருந்துப் பையோடு மைதானத்தின் ஓரத்தில் அவனுக்கு வேலை. ரேடியோ அந்த அணியில் இருந்தான். இத்தனை நாளில் சாப்பாட்டு வரிசையில் எதிரும் புதிருமாக எத்தனையோ தடவை வந்தும் ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்களிடம் பழையபடி ஓயாமல் பேசுகிறான் என்று கேள்வி. பந்தலில் முன்வரிசையில் ஒருவர், ரேடியோவின் அதே மூக்கோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

கட்டளை கேட்டது. அணி நகர்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு நூலாகப் பிரித்து, அந்த ஒரு காலடியைத் தேடினான். கிட்டே வந்தது, கடந்தது, விலகியது. ஒன்றுகூடத் தட்டையாகத் தாமதித்து விழவில்லை. எது ரேடியோவுடையது என்று கடைசிவரை அவனால் சொல்ல முடியவில்லை.

கண்ணைத் திறந்தபோது அணி மைதானத்தின் மறுமுனைக்குப் போயிருந்தது.