கரை பார்த்த அணியம்

ஷர்லிக்கு ஆவுடையார்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஊரார் மனுவையெல்லாம் டைப் அடித்துத் தருவாள். வாரிசுச் சான்றிதழோ இறப்புச் சான்றிதழோ, எந்தத் தாளோடு எதை இணைக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. தன் வீட்டுக்கு மட்டும் ஒரு மனுவும் எழுதியதில்லை. ஏழு வருடத்துக்கு முன் அடித்த புயலில், கடலோரத்திலிருக்கும் அவள் ஊர் ஒன்பது பேரை இழந்தது. எட்டு உடல்கள் கரை ஒதுங்கின. ஒதுங்காதவன் அவள் கணவன் பிராங்க்ளின்.

ஏழு வருடம் ஆயிற்றே, சட்டமே ஒப்புக்கொள்ளுமே, இனி இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமே என்றவர்களிடம், உடம்பைப் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் பிராங்க்ளின் கிளம்பினான். அவன் தெருமுனைக்குப் போன பிறகே, அவனுடைய போன் ஃபிரிட்ஜ் மேல் கிடப்பதை ஷர்லி பார்த்தாள். கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகுகிற பாடம் அது. வாய் வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டாள். சாயங்காலம் புயல் எச்சரிக்கை அந்தப் போனுக்குத்தான் வந்தது, ஃபிரிட்ஜ் மேல். விழுங்கிய சொல் இன்றுவரை செரிக்கவில்லை.

ஊரில் நினைவு மண்டபம் எழும்பியது. இயேசு புயலை அடக்கும் காட்சியைப் பழைய மாதா கோவில்களின் முறைப்படி கண்ணாடிச் சில்லுகளால் பதித்து, கீழே கல்லில் ஒன்பது பெயரையும் வெட்டுவதாக ஏற்பாடு. கமிட்டித் தலைவன் பிராங்க்ளினின் தம்பி ஜஸ்டின். கமிட்டியில் ஆள் நாலு, யோசனை நாற்பது. அண்ணன் பெயரைச் சேர்க்க அண்ணியின் சம்மதம் வேண்டும் என்று ஜஸ்டின் இரண்டு மாதம் நடையாய் நடந்தான். கடைசியில், படத்தை முடிவு செய்யப் போகும்போது தானும் வருவதாக ஷர்லி சொன்னாள்.

சில்லு பதிக்கும் தேவிப்ரியாவின் பட்டறை புதுக்கோட்டையில் இருந்தது. அவள் வரைந்துவைத்திருந்த படத்தில் ஆண்டவர் கை நீட்டி நிற்க, அலை அடங்க, சீடர்கள் திருதிருவென்று முழித்தார்கள். அங்கியின் நிறத்துக்காகக் கமிட்டி ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றது. ஷர்லி படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அணியம், அதாவது படகின் முன்மூக்கு, வலப்பக்கம் இருந்தது. பேசிவைத்தபடி மண்டபத்தின் வடக்குச் சுவரில் பதித்தால் வலப்பக்கம் கிழக்கு. கிழக்கே கடல்.

"அணியத்த இங்கிட்டுத் திருப்புங்க. கரையப் பாத்து வரணும். வந்தா அவுக பேரப் போட்டுக்கங்க" என்றாள்.

தேவிப்ரியா படகின் கோட்டை அழித்துத் திருப்பி வரைந்தாள்.

வேலை ஐந்து மாதம் இழுத்தது. ஷர்லி மாதம் ஒருமுறை கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் படகு கரையை நோக்கி இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். திரும்பும்போது, வந்துகொண்டுதான் இருக்கிறார் என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். ஏக்கத்துக்குப் புத்தி சொல்ல யாரால் முடியும்?

திறப்பு விழா அன்று உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வடக்குச் சுவரில் கரண்ட் பெட்டி வந்துவிட்டதென்று, படத்தை எதிர்ச்சுவரில் பதித்திருந்தார்கள். படம் அதேதான், அணியம் இடப்பக்கம்தான். ஆனால் தெற்குச் சுவரில் இடப்பக்கம் கடல். கண்ணைக் கட்டி நடுக்கடலில் விட்டாலும் கரை கண்டுபிடிக்கிற ஆட்கள், நாலு சுவருக்குள் கோட்டை விட்டுவிட்டார்கள்.

அவள் பார்வை போன இடத்தைப் பார்த்த பிறகுதான் ஜஸ்டினுக்கு உறைத்தது.

"மதினி, செவுரு மாறுனா தெசையும் மாறும்னு எங்க யாருக்கும் தோணலயே" என்றான்.

கீழே கல்லில் ஒன்பது பெயரும் இருந்தன. பங்குச் சாமியார் படத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க எழுந்தார், கூட்டமும் எழுந்தது. ஷர்லி அவரையும் தாண்டிச் சுவரருகே போனாள். அன்றைக்கு மத்தியானம் போன மாதிரியே படகு போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள்.

மண்டபம் அடங்கியது. முன்வரிசையிலிருந்த கிழட்டு மீனவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"ஏங்க, நில்லுங்க. போன மறந்துட்டுப் போறீங்க."